மூன்றாவது ஓலை

— ஆகவே, கூர்லாந்துக்கும் செமிகாலியாவுக்கும் கடவுளின் கிருபையால் அதிபதியாக விளங்கியவரும், கெட்லர் குலத்தின் சுடரும், என்றும் மறவா நினைவுக்குரியவருமான நம் டியூக் அவர்களின் திருவுடல் கல்லறைக்குள் வைக்கப்படும் நாள்வரை, நாடெங்கும் துக்கம் தொடரும் என்று சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுகிறது. குழலோ பிடிலோ ஒலிக்கலாகாது. குதிரைகளின் கழுத்து மணிகள் துணியால் சுற்றப்பட வேண்டும். பெண்கள் சிவப்பு நாடா அணியலாகாது. திருமணம் நடத்தலாகாது. மூன்று ஞாயிறு வாசிக்கப்படும் திருமண ஓலையும் கோவிலில் வாசிக்கலாகாது.

— எழுத்தரய்யா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோங்க. இதையேதான் போன மாசமும் படிச்சீங்க. அதுக்கு முந்தின மாசமும் படிச்சீங்க. என் சத்திரத்துக் கதவுல இப்ப மரத்தைவிட ஆணிதான் ஜாஸ்தி.

— கெர்ட்ரூட் அம்மையே, அரசாணையின் நடுவே குறுக்கிடுவது முறையன்று. இம்முறை ஒரு புதிய பத்தி சேர்க்கப்பட்டுள்ளது.

— படிங்க, படிங்க. பார்த்தெல், நீயும் கேளு. அந்த வெள்ளீயத் தட்டைத் தேய்ச்சது போதும். நீ வார்த்த தட்டுதான், இருந்தாலும் ஓட்டை விழுந்துடப் போகுது.

— காதுல விழுந்துகிட்டுதான் இருக்கு.

— "இறுதி ஊர்வலத்தில், டியூக் அவர்களின் பதினாறு முன்னோரின் சின்னங்கள் பொறித்த பதினாறு கேடயங்களுள் முதலாம் வரிசையின் வலப்பக்கக் கேடயத்தை ஏந்தும் உரிமை மேன்மைதகு ராஸ்டன் பிரபுவுக்கா, மேன்மைதகு மொய்ட்லன் பிரபுவுக்கா என்னும் வழக்கு, நாட்டின் நிம்மதியை முன்னிட்டு, நம் மேலரசரான போலந்து மன்னரின் தீர்ப்புக்காக வார்சாவுக்கு அனுப்பப்படுகிறது." அவ்வளவே. ஆணி அடிக்கலாமா?

— இருங்க. வார்சாவுக்கா?

— வார்சாவுக்கே.

— தீர்ப்பு எப்ப வரும்?

— அம்மையே, முதலில் மனு போக வேண்டும். மனு இலத்தீனில் எழுதப்பட்டு வருகிறது. எழுதி முடித்திருப்போம். மனுவில் எந்தப் பிரபுவின் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் சிறு தாமதம்.

— அது சரி. அதுக்கும் ஒரு மனு போடணும்ல.

— ஆலோசனை சபையில் அதுவும் பேசப்பட்டது.

— நான் கிண்டலுக்குச் சொன்னேன்யா.

— அவர்கள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எப்படியும் பனி விழுவதற்குள் தூதர் கிளம்பிவிடுவார். ஈஸ்டருக்குள் பதில் எதிர்பார்க்கலாம்.

— ஈஸ்டருக்கு. கேட்டியா பார்த்தெல்? டியூக் செத்தது கொளுத்தற வெயில்ல, யோவான் திருநாள் கழிஞ்ச ரெண்டாம் வாரம். இந்த வாரத்தோட பதினஞ்சு வாரம் ஆச்சு. இப்ப ஈஸ்டராம்.

— கேட்டேன்.

— கேட்டுட்டு தட்டைத் தேய்க்கிறான் பாருங்க எழுத்தரய்யா. இவனைத்தான் நான் கட்டிக்கப் போறேன். கட்டிக்க விட்டீங்கன்னா.

— தங்கள் பொறுமையின்மை எனக்குப் புரிகிறது. ஆயினும் இது வெறும் கேடயம் அன்று. முதல் கேடயம். ராஸ்டன் பிரபுவின் முப்பாட்டனார், முதலாம் டியூக் அவர்கள் துறவியர் படையின் தலைவராக இருந்து அந்தத் துறவாடையைக் களைந்த நாளில், களைவதற்குக் கைகொடுத்தவர்.

— மொய்ட்லனோட முப்பாட்டன்?

— களைந்த ஆடையைக் கையில் வாங்கிக்கொண்டவர்.

— ஆகக்கூடி ஒருத்தர் பட்டனைக் கழட்டினாரு, இன்னொருத்தர் துணியை மடிச்சு வச்சாரு. என் சத்திரத்துல இந்த ரெண்டு வேலையையும் மாடேங்கிற சலவைக்காரி ஒருத்தியே பாக்கிறா. அவகிட்ட ஒரு கேடயத்தைக் குடுத்துப் பாருங்களேன்.

— வரலாற்றை அவமதிக்காதீர்கள்.

— நான் எங்கய்யா அவமதிச்சேன்? முதல் டியூக் துறவி. கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்னு கடவுள் மேல சத்தியம் பண்ணினவரு. ஒரு நாள் காலையில அங்கியைக் கழட்டி மொய்ட்லன் தாத்தா கையில குடுத்துட்டு டியூக் ஆனாரு. அப்புறம் நல்ல இடமா பார்த்துக் கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு. அப்படி வந்த வம்சம்தானே? அந்த வம்சத்துல ஒருத்தர் கண்ணை மூடினதுக்கு, புருஷன் செத்துப் பதினோரு வருஷமா சத்தியம் எதுவும் பண்ணாம ஒழுங்கா இருந்த நான் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. இதுல வரலாற்றுக்கு என்ன அவமானம்?

— கெர்ட்டி, விடு. அவர் படிக்கத்தானே வந்தாரு.

— நீ பேசாத. பதினஞ்சு வாரமா பேசாதவன் இப்பவும் பேசாத. எழுத்தரய்யா, உங்க பிரபுக்கள் ரெண்டு பேரும் என் மேல்மாடியிலதான் தங்கியிருக்காங்க, எதிரெதிர் அறை. அவங்க லட்சணம் சபையில தெரியுமா?

— உணவு குறித்து ஏதோ மனவருத்தம் என்று கேள்வி.

— மனவருத்தமா. முதல் வாரம் சாப்பாட்டு மணி அடிச்சேன். ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறந்துச்சு. ரெண்டு பேரும் படிக்கட்டு உச்சியில வந்து நின்னாங்க. என் படிக்கட்டு ஒரு ஆளு இறங்கற அகலம். யார் முதல்ல இறங்கறது? ராஸ்டன் சொல்றாரு, டியூக்கோட பாட்டனார் காலத்துலயே எங்க குடும்பம்தான் முன்னாடி போகும்னு. மொய்ட்லன் சொல்றாரு, அது வேட்டைக்குப் போறப்ப, ஏன்னா கரடி முதல்ல கடிக்கிறவன் உங்க குடும்பமா இருக்கட்டும்னுதான்னு. கீழ சூப் ஆறி ஆடை கட்டிடுச்சு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பிரபுவும் பட்டினி.

— பிறகு?

— மறுநாள் சூப்பை மேலயே அனுப்பினேன். யாருக்கு முதல்ல குடுத்தேன்னு கேட்டு ரெண்டு பேரும் ஆள் அனுப்பினாங்க. அதுக்கு மறுநாள் சமையக்கட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேரை நிறுத்தினேன். ஆளுக்கொரு கிண்ணம், ஒரே அளவு, ஆளுக்கு ஒரு துண்டு புகைபோட்ட விலாங்கு, அதுவும் வாலும் இல்லாம தலையும் இல்லாம நடுத்துண்டு. நான் கீழ நின்னு கரண்டியால சட்டியில ஒரு தட்டு தட்டுவேன். தட்டின உடனே ரெண்டு பேரும் ரெண்டு கதவைத் தட்டணும். அன்னையிலருந்து என் வீட்டுல சண்டை இல்ல. மூணு நாள்ல ஒரு சத்திரக்காரி முடிச்ச வேலை இது. அதே மாதிரி ரெண்டு கேடயத்தையும் ஒண்ணா கொண்டு போறதுக்கு என்ன?

— அதையும் பார்த்தோம் அம்மையே. அரண்மனைக் கோவிலின் வாசல் குறுகல். தச்சர் அளந்து பார்த்தார். ராஸ்டன் பிரபுவும் மொய்ட்லன் பிரபுவும் அருகருகே நுழைய முடியாது. மொய்ட்லன் பிரபுவின் தேகம், தாங்கள் அறிந்ததே.

— என் விலாங்கு.

— யாரேனும் ஒருவர் அரையடி பின்வாங்க வேண்டும். பின்வாங்கும் பேரனை முன்னோர் மன்னிக்க மாட்டார்கள். வாசலை இடித்து அகலப்படுத்தலாம் என்றார் தச்சர். சபை ஒப்புக்கொண்டது.

— அப்புறம்?

— முதல் கல்லை யார் பெயர்ப்பது என்பதில்...

— போதும்.

— திருவுளச்சீட்டுப் போடவும் பார்த்தோம். பையில் முதலில் கையை விடுபவர் கீழ்ப்பட்டவர் ஆவாரா மேற்பட்டவர் ஆவாரா என்பது தெளிவாகவில்லை. பை இன்னும் அப்படியே மேசையில் இருக்கிறது.

— ஏன்யா, உங்களுக்கு இதைச் சொல்றப்போ சிரிப்பே வரலியா?

— நான் எழுத்தன், அம்மையே. எழுதுவேன். ஒன்று மட்டும் சொல்லுவேன். இந்தக் குலத்தின் மகிமை சாதாரணமானது அன்று. கப்பல் கட்டி ஆப்பிரிக்காவில் கோட்டை பிடித்தவர்கள். கடலுக்கு அப்பால் ஒரு வெப்பத் தீவையே ஆண்டவர்கள்.

— ஆண்டாங்க, ஆண்டாங்க. எங்க தெரு ஆளுங்களைக் கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டுப் போய் அந்தத் தீவுல காய்ச்சல்ல புதைச்சாங்க. கப்பல் கட்டத் தெரிஞ்ச வம்சத்துக்கு ரெண்டு பேர் நுழையற மாதிரி ஒரு கதவு வைக்கத் தெரியல.

— இன்னொரு அதிசயமும் உண்டு. பார்த்தெல் ஐயா அதற்குச் சாட்சி, பேழையை வார்த்தவரே அவர்தானே. பதினைந்து வாரம் ஆகிவிட்டது. கோடைக் காலத்து மரணம். ஆனால் பேழையருகே துளியும் வாடை இல்லை. பிரபுக்கள் நால்வர் நால்வராக முறைவைத்துக் காவல் நிற்கிறார்கள். தொடக்கத்தில் மூக்கில் புளிக்காடித் துணி கட்டி நின்றவர்கள், இப்போது துணி இல்லாமலே நிற்கிறார்கள். நேற்று ராஸ்டன் பிரபு மண்டியிட்டுப் பேழையை முகர்ந்து பார்த்துவிட்டு, இது தந்தைவழித் தூய இரத்தத்தின் அடையாளம் என்று கண்கலங்கினார்.

— மொய்ட்லன்?

— அவரும் முகர்ந்தார். தாய்வழி என்றார்.

— அதுக்கும் சண்டையா. போதகர் ஏங்கல் அங்க இருந்தாரா?

— இருந்தார். அவர் மட்டும் முகம் சுளித்தார். நாம் லுத்தரன்கள், நமக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் வழக்கம் கிடையாது, பேழையை முகர வேண்டாம் என்று எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

— பார்த்தெல், நீ என்ன சொல்ற? புனிதரா?

— ஈயம் நல்ல ஈயம். சாக்சனியிலருந்து வந்தது.

— தெய்வீகத்துக்கு இவன் சொல்ற விளக்கத்தைப் பாருங்க. சரி எழுத்தரய்யா, அடிங்க ஆணியை.

— இங்கே இடமில்லையே.

— பழசு மேலயே அடிங்க. அதையும் யாரும் படிக்கல.

— ஆயிற்று. அடுத்து மீன் சந்தைக்குப் போக வேண்டும். அம்மையே, ஒரு சின்ன விஷயம். தாங்கள் அணிந்திருக்கும் இடுப்புத் துணியில் ஓரமாக ஒரு சிவப்பு இழை தெரிகிறது.

— அது ரத்தம். கோழி அறுத்தேன்.

— அப்படியானால் தடையில்லை. வருகிறேன்.

— போயிட்டாரு. தெரு முனை திரும்பற வரைக்கும் பாத்துட்டேன். இப்ப அந்தத் தட்டைக் கீழ வையி.

— வச்சுட்டேன்.

— உக்காரு. நான் சொல்லப் போறதை உக்காந்து கேளு. நாளைக்கு விடியறப்ப சணல் ஏத்திகிட்டு ஒரு வண்டி ரீகாவுக்குப் போகுது. வண்டிக்காரன்கிட்ட பேசிட்டேன். சணல் பொதி நடுவுல எனக்கு ஒரு இடம்.

— ரீகாவுல எதுக்கு?

— எதுக்கா. என் தங்கச்சி இருக்கா. அங்க என்னை யாருக்கும் தெரியாது. புருஷன் கடல்ல போயிட்டான்னு சொன்னா நம்புவாங்க, அந்த ஊர்ல பாதிப் பேரு புருஷன் கடல்லதான் இருக்கான். மாசி மாசத்துப் பனியில பெத்துப் போட்டுட்டு அங்கயே கெடந்துடறேன்.

— சத்திரத்தை விட்டுட்டா?

— நான் விடாட்டியும் அதுவா போகும். பாவாடையை மூணு தடவை பிரிச்சுத் தச்சாச்சு பார்த்தெல். இன்னும் ஒரு தடவை பிரிச்சா துணி இல்ல. இன்னும் ரெண்டு வாரத்துல மாடேவுக்குத் தெரியும். மாடேவுக்குத் தெரிஞ்சா ஆத்தங்கரைக்கே தெரியும். அப்புறம் என்ன நடக்கும்னு உனக்குச் சொல்லணுமா? மூணு ஞாயிறு கோவில்ல எல்லார் முன்னாடியும் கறுப்பு முக்காலியில உக்கார வைப்பாங்க. அதை நான் உக்காந்துடுவேன்யா. எனக்கு நாப்பது வயசு. சத்திரக்காரிக்கு முக்காலி புதுசா? ஆனா கெட்ட பேரு வாங்கினவளுக்கு சத்திர உரிமை கிடையாதுன்னு நகரசபை எழுதி வச்சிருக்கு.

— தெரியும்.

— இதுவும் தெரியுமா? தகப்பன் பேரு இல்லாத பிள்ளைன்னு ஞானஸ்நானப் புத்தகத்துல ஏறிடுச்சுன்னா, எந்தத் தொழில் சங்கமும் அவனைச் சேத்துக்காது. செருப்புத் தைக்கிறவன் சேக்க மாட்டான். பீப்பாய் செய்றவன் சேக்க மாட்டான். வெள்ளீயம் வார்க்கிறவங்க சங்கத்துல தலைவர் நீ. உன் பிள்ளை வந்து நின்னா, நீயே உன் சட்டப் புத்தகத்தைத் திறந்து, போடா வெளியன்னு சொல்லணும்.

— கெர்ட்டி.

— சொல்ல மாட்டியா?

— அப்படிப் பேசாத.

— வேற எப்படிப் பேசறது? ரெண்டு ஓலை வாசிச்சாங்க. ரெண்டு ஞாயிறு நான் முன் வரிசையில உக்காந்து, என் பேரையும் உன் பேரையும் சேத்துக் கேட்டேன். மூணாவது ஓலைக்கு நாலு நாள் இருக்கிறப்ப டியூக் போய்ச் சேந்தாரு. நாலு நாள் பொறுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அவருக்கு? மறுநாளே போதகர்கிட்ட ஓடினேன். அவரு நல்ல மனுஷன். அடக்கம் முடிஞ்ச மறு ஞாயிறே உன் ஓலையை வாசிக்கிறேன், அதுக்கு ஒரு நாள் முன்னால வாசிச்சா என் அங்கியைப் பிடுங்கிடுவாங்கன்னாரு. சரின்னு வந்தேன். ஒரு வாரம், மிஞ்சிப் போனா ரெண்டு வாரம்னு நினைச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க.

— இப்ப அந்தப் போதகரும் மாறிட்டாரு. அனல் பறக்கிற வெயில் காலத்துல ஒரு நாள் சந்தையில எதிர்ல வந்தாரு. என்னைப் பாத்ததும் வெங்காயக் கடைப் பக்கம் திரும்பிட்டாரு. அவரு வெங்காயம் சாப்பிட மாட்டாரு, எனக்குத் தெரியும். அப்புறம் கோவில்ல என் பக்கம் பாத்துப் பிரசங்கம் பண்றதே இல்ல. நான் இடது பக்கம் உக்காந்தா வலது பக்கத்துக்குத் தேவவாக்கு சொல்றாரு. கண்டுபிடிச்சுட்டாரு போலருக்கு என் வயித்தை. பாவிப் பொம்பளைன்னு நினைச்சுட்டாரு.

— அதனால இல்ல.

— எதனால?

— அவரு உன்னைத் தப்பா நினைக்கல.

— உனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட பேசறாரா? என்கிட்ட பேசாத போதகர் உன்கிட்ட மட்டும் பேசறாரா?

— எப்பவாவது.

— என்ன பேசுவீங்க ரெண்டு பேரும்? ஈயத்தைப் பத்தியா?

— பெருசா ஒண்ணும் பேசறதில்ல. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்.

— நல்லாருக்கு. அவரு உன்னைப் பாக்கறாரு, நீ தட்டைப் பாக்கிற, என்னைப் பாக்க நாதியில்ல. நான் என் பாட்டுக்கு வண்டியேறிப் போறேன். நீ இங்கயே இரு. உனக்கு வேலை இருக்கு. ராஸ்டனுக்கும் மொய்ட்லனுக்கும் பெட்டி வார்க்கணும்ல. ஆளுக்கொண்ணு. ஒரே அளவா பாத்து வாரு.

— நான் ஒண்ணும் பண்ணாம இல்ல. போன வாரம் அரண்மனை நிர்வாகியைப் போய்ப் பாத்தேன்.

— நீயா? வாயைத் திறந்தியா?

— திறந்தேன். மூடியைப் பத்த வைக்கிற இடத்துல ஈயம் விட்டுடும், பனிக்கு முன்னாடி கல்லறைக்குள்ள இறக்கிடணும்னு சொன்னேன்.

— அவரு என்ன சொன்னாரு?

— ராஸ்டன் பக்கத்து ஆளை வச்சு ஒரு பக்கமும் மொய்ட்லன் பக்கத்து ஆளை வச்சு இன்னொரு பக்கமும் பத்த வைக்கச் சொன்னாரு.

— கடவுளே. உள்ள இருக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்ல பாரு. என் உள்ள இருக்கிறவனைச் சொல்றேன். யார் முதல்ல வரணும்னு அவனுக்குக் குழப்பமே கிடையாது. அவன் வார்சாவுக்கு ஆள் அனுப்பிட்டு உக்காந்திருக்க மாட்டான். நேத்து உதைச்சான்.

— உதைச்சானா?

— ராஸ்டன் அறை விளக்கை அணைச்சுட்டு வரப்ப. நல்லா உதைச்சான்.

— நீ ஏன் நேத்தே சொல்லல?

— சொன்னா என்ன பண்ணியிருப்ப? இன்னொரு தட்டைத் தேய்ச்சிருப்ப. விடு, எந்திரி. நான் துணி மூட்டை கட்டணும். மாடேகிட்ட தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன். அழாத. நீ அழுதா எனக்கும் வரும், அப்புறம் அந்த எழுத்தன் வந்து துக்கம் அனுசரிக்கிறேன்னு பாராட்டிட்டுப் போவான்.

— கெர்ட்டி, வண்டி வேணாம்னு சொல்லு.

— ஏன்?

— நான் சத்தியம் பண்ணியிருக்கேன். பைபிள் மேல கை வச்சு. என்னால அதுக்கு மேல சொல்ல முடியாது.

— யாருக்குச் சத்தியம்?

— போதகருக்கு. அவரு எனக்குப் பண்ணியிருக்காரு.

— ரெண்டு பேருமா? எதுக்கு?

— வெளிய தெரிஞ்சா எனக்கு சங்கம் போகும். அவருக்கு அங்கி போகும். எங்களுக்கு ஒத்தாசை பண்ணின அரண்மனைச் சமையக்கட்டு யானிஸுக்கு முதுகுத்தோலு போகும். பிரபுக்கள் பாட்டுக்கு சீக்கிரம் சண்டையை முடிச்சுக்குவாங்கன்னு நினைச்சோம். யாருக்கும் தெரியாமலே எல்லாம் சரியாப் போயிடும்னு நினைச்சோம்.

— பார்த்தெல், நீ என்னமோ திருடியிருக்கியா?

— திருடல.

— என்னைப் பாத்துச் சொல்லு.

— உன்னைப் பாத்துதான் சொல்றேன். வண்டியை அனுப்பிடு. நாளைக்குச் சனிக்கிழமை. காலையில நான் போதகர் வீட்டுக்குப் போறேன். அவன் உதைச்சான்னு சொல்றேன். ஞாயிற்றுக்கிழமை மூணாவது ஓலையை வாசிப்பாரு.

— வாசிக்க மாட்டாரு. என் முகத்தைப் பாத்துச் சொன்னாருய்யா. டியூக்கை அடக்கம் பண்ணின மறு ஞாயிறு, அதுக்கு ஒரு நாள் முன்னால கூட முடியாதுன்னு. ஏங்கல் போதகர் சொன்ன வாக்கு மாறுவாரா?

— மாற மாட்டாரு.

— அப்ப எப்படி வாசிப்பாரு?

— ராஸ்டன் மேல இருக்காரா?

— ரெண்டு பேரும் காவலுக்குப் போயிருக்காங்க. பெட்டிக்குத் தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர். எது தலைமாடுன்னு சண்டை போட்டுகிட்டு இருப்பாங்க. சொல்லு, எப்படி வாசிப்பாரு?

— டியூக்கை நாங்க புதைச்சு ஒம்பது வாரமாச்சு.